சானடோரியத்தில் இறங்கிக் குடலுக்குள் போவோம்

குரோம்பேட்டையைத் தாண்டி, தாம்பரத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் மின்சார ரயில் நிற்கும் இடம் தாம்பரம் சானடோரியம். அருகிலேயே அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. 1928-ல் டாக்டர் சௌரி முத்து என்பவர் காசநோயாளிகளுக்காக அதைத் தொடங்கினார். அன்றைக்குக் காசநோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, வெயில், சத்தான சாப்பாடு, ஓய்வு, இவ்வளவுதான் வைத்தியம். அதற்காகத்தான் பட்டணத்து நெரிசலை விட்டு இவ்வளவு தூரம் தள்ளி, பச்சைமலை அடிவாரத்தில் இடம் பிடித்தார். 1937-ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. இன்று அங்கே மாத்திரை இருக்கிறது, ஊசி இருக்கிறது, நோய் குணமாகிறது.

காசநோய் ஒரு பாக்டீரியாவால் வருகிறது என்று 1882-ல் ராபர்ட் கோக் காட்டினார். காலராவுக்கும் டைபாய்டுக்கும் இதே மாதிரி ஒவ்வொரு கிருமி பிடிபட்டது. கிருமி உள்ளே வரும், உடம்பு அதோடு சண்டை போடும், மருந்து உடம்புக்குத் துணை நிற்கும். இந்தக் கதை உங்களுக்குத் தெரியும். பாடப்புத்தகத்திலும் இருக்கிறது.

நான் இப்போது சொல்லப்போவது வேறு கதை. வெளியிலிருந்து எந்தக் கிருமியும் வரவில்லை. ஆனாலும் உடம்புக்குள் சண்டை நடக்கிறது. சண்டை போடுவது நம்முடைய சொந்த எதிர்ப்பு செல்கள்; அடி வாங்குவதும் நம்முடைய சொந்த உறுப்புதான். மூட்டுகளைத் தாக்கினால் அது முடக்குவாதம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கினால் முதல் வகை நீரிழிவு. இது பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொடங்குகிறது. தோலில் செதில் செதிலாக எழும்பினால் சொரியாசிஸ். சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்பார்கள். குடலையே தாக்கும் நோய்களில் இரண்டு: கிரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி.

அழற்சி என்றால் என்ன? முள் குத்திய விரலைப் பாருங்கள். சிவந்திருக்கும், சூடாக இருக்கும், வீங்கியிருக்கும், தொட்டால் வலிக்கும். எதிர்ப்பு செல்கள் அங்கே கூடி வேலை செய்வதன் அடையாளம் அது. இரண்டு நாளில் வேலை முடிந்து கலைந்துவிடும். கலையாமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அங்கேயே நின்றுவிட்டால் அதுதான் நோய்.

அப்படியானால் அந்த செல்களைக் கலைந்து போகச் சொல்வது யார்? இதற்குப் பதில் கண்டுபிடித்த மூவருக்குத்தான் 2025-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்காவைச் சேர்ந்த மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. 'டி' செல்கள் எனப்படும் எதிர்ப்பு செல்கள் அங்கேதான் வளர்கின்றன. சொந்த உடம்பைத் தாக்கக்கூடியவை அங்கேயே அழிக்கப்பட்டுவிடும். ஆனால் சில தப்பி வெளியே வந்துவிடும். அவற்றை அடக்கி வைப்பதற்கென்றே தனியாக ஒரு வகை 'டி' செல் இருக்கிறது என்று சகாகுச்சி 1995-ல் காட்டினார். அதன் பெயர் ஒழுங்குபடுத்தும் 'டி' செல். பிறகு 2001-ல் மற்ற இருவரும் அந்த செல்லுக்கு வேண்டிய மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு பழுதான எலிக்குட்டிகளின் உடம்பு தன்னைத்தானே தாக்கிக்கொண்டது. சில வாரங்களிலேயே அவை இறந்துபோயின.

அடக்குகிறவர் யார் என்று தெரிந்துவிட்டது. யாரை விட வேண்டும், யாரைத் தடுக்க வேண்டும் என்று இந்தக் கூட்டத்துக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? இங்கேதான் நம் குடலுக்குள் இருக்கிற நுண்ணுயிர்கள் வருகின்றன.

மேடவாக்கத்திலோ பெருங்களத்தூரிலோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு வாட்ச்மேன் வேலைக்குச் சேர்கிறார். முதல் நாள் பால்காரரை நிறுத்துகிறார், பேப்பர் போடும் அண்ணனை நிறுத்துகிறார், மூன்றாவது மாடிப் பாட்டியையே 'யாரைப் பார்க்கணும்?' என்று கேட்கிறார். ஒரு மாதம் போனால் முகம் பார்த்தே விட்டுவிடுவார். தெரியாத ஆள் வந்தால் மட்டும் எழுந்து நிற்பார். யாருமே வந்து போகாத கட்டடத்தில் அவரை ஒரு வருடம் உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஒருவரோடும் பழகியிருக்க மாட்டார். பிறகு யார் வந்தாலும் கம்பை எடுப்பார்.

நம் உடம்புக்குள் வந்து போகிறவர்கள் எத்தனை பேர் என்று 2016-ல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பில் மனித செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. அவ்வளவும் சேர்ந்து எடை கால் கிலோகூட இருக்காது. பெரும்பாலானவை பெருங்குடலில் வசிக்கின்றன. பிறக்கும்போது அம்மாவிடமிருந்து முதல் தொகுதி வருகிறது. தாய்ப்பால், மண், சாப்பாடு, தம்பி தங்கை, வீட்டு நாய், இப்படி எல்லாரிடமிருந்தும் மூன்று வயது வரை மளமளவென்று சேர்கின்றன.

நம் குடலின் உட்புறத்தை மடிப்பெல்லாம் பிரித்து விரித்தால் சுமார் 350 சதுர அடி வரும். அத்தனை இடத்திலும் நமக்கும் பாக்டீரியாவுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு செல் கனமுள்ள சுவரும் அதன்மேல் பூசிய சளிப்படலமும்தான். சுவருக்கு இந்தப் பக்கம் எதிர்ப்பு செல்கள் குவிந்து கிடக்கின்றன. பழகுவதற்கு இதைவிடத் தோதான இடம் ஏது?

பழக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை எலிகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பிறந்த நாளிலிருந்து ஒரு கிருமியும் படாமல், கிருமி நீக்கிய கூண்டில், கிருமி நீக்கிய உணவு கொடுத்து வளர்த்தார்கள். அந்த எலிகளின் எதிர்ப்பு சக்தி முழுதாக வளரவே இல்லை. குடல் சுவரில் இருக்க வேண்டிய எதிர்ப்புத் திட்டுகள் சுருங்கிக் கிடந்தன.

இன்னொரு ஆய்வு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. மனிதரில் முதுகெலும்பு மூட்டுகள் இறுகிப்போகும் ஒரு நோயோடு எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணு தொடர்புடையது. அந்த மரபணுவை எலிகளுக்குள் வைத்தார்கள். சாதாரணக் கூண்டில் வளர்ந்த எலிகளுக்குக் குடலிலும் மூட்டிலும் அழற்சி வந்தது. அதே மரபணு உள்ள எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தபோது வரவில்லை. இது 1994-ல் நடந்தது. அப்படியானால் மரபணு மட்டும் இருந்தால் போதாது. நுண்ணுயிரும் சேர வேண்டும். முந்தைய எலிகளின் கதையில் நுண்ணுயிர் இல்லாதது குறை. இங்கே நுண்ணுயிர் இருப்பதே தொல்லை. இரண்டுமே உண்மை. எந்த நுண்ணுயிர், எந்த உடம்பில், எந்த வயதில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதை மனிதரில் பார்க்க பின்லாந்துக்குப் போக வேண்டும். முதல் வகை நீரிழிவு உலகத்திலேயே அதிகம் இருப்பது அங்கேதான். எல்லையைத் தாண்டினால் ரஷ்யாவின் கரேலியா. இரண்டு பக்க மக்களுக்கும் இந்த நோய்க்கான மரபணுக்கள் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பின்லாந்தில் நோய் ஆறு மடங்கு அதிகம். பின்லாந்து வீடுகள் நவீனமானவை, சுத்தமானவை. கரேலியா வீடுகள் அப்படி இல்லை. 2016-ல் இரண்டு பக்கமும், எஸ்தோனியாவிலும் சேர்த்து, 200-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் மலத்தை மூன்று வயது வரை சோதித்தார்கள். பின்லாந்துக் குழந்தைகளின் குடலில் பாக்டீராய்டிஸ் என்ற பாக்டீரியா அதிகம். அதன் மேலுறையில் உள்ள பொருள் எதிர்ப்பு செல்களைச் சீண்டுவதே இல்லை. ரஷ்யக் குழந்தைகளின் குடலில் அதிகம் இருந்த ஈ.கோலையின் மேலுறையோ நன்றாகச் சீண்டியது. சீண்டிச் சீண்டித்தான் அந்த செல்கள் பொறுமை பழகின என்பது அவர்கள் கணிப்பு.

அதே பின்லாந்தில் இன்னொன்று செய்தார்கள், கேட்டால் உங்களுக்குப் பொறாமையாக இருக்கும். சிமென்ட்டும் சரளையும் போட்ட மழலையர் பள்ளி முற்றங்களில் காட்டு மண்ணையும் புல்லையும் கொண்டுவந்து பரப்பி, 'விளையாடுங்கள்' என்று விட்டுவிட்டார்கள். 28 நாட்கள். மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகள். அவர்கள் தோலில் இருந்த பாக்டீரியா வகைகள் கூடின. ரத்தத்தில் எதிர்ப்பு சக்தியை ஒழுங்குபடுத்தும் அடையாளங்களும் கூடின. 2020-ல் வெளிவந்த ஆய்வு இது. நம் பகுதியில் பள்ளி மைதானங்களுக்குக் கல் பதிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும். ஒரு மூலையிலாவது மண்ணை விட்டு வைக்கக் கூடாதா என்று தோன்றும்.

உடனே கழிவுநீர் கலந்த ஏரிக்கரையில் போய் உருளாதீர்கள். காட்டு மண் வேறு, சாக்கடை வேறு. சாக்கடையில் இருப்பது டைபாய்டும் மஞ்சள் காமாலையும். சாப்பிடும் முன்னும் கழிவறைக்குப் போய் வந்த பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவத்தான் வேண்டும்.

அப்படியானால் கெட்ட பாக்டீரியா எது என்று பட்டியல் போட்டு அதை மட்டும் ஒழித்துவிடலாமே என்று கேட்பீர்கள். அது அவ்வளவு எளிதல்ல. 2013-ல் நியூயார்க்கில், புதிதாக முடக்குவாதம் வந்தவர்கள் பலரின் குடலில் பிரிவோடெல்லா என்ற பாக்டீரியா நிறைந்திருப்பதைப் பார்த்தார்கள். 'அகப்பட்டான் குற்றவாளி' என்று தோன்றுகிறது அல்லவா? ஆனால் அரிசி, பருப்பு, காய்கறி என்று சாப்பிடும் இந்தியர்களில் நோயே இல்லாத ஏராளமானோர் குடலில் பிரிவோடெல்லா கூட்டம் கூட்டமாக இருக்கிறது. ஒரே பெயருக்குள் பல ரகங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊர்ச் சாப்பாட்டுக்குப் பழகியது. அமெரிக்கக் குடலை வைத்து எழுதிய முடிவை அப்படியே நம் குடல் மேல் ஒட்ட முடியாது. நம் ஊரில், நம் மக்களிடம், நாமே ஆய்வு செய்தாக வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை, குடலிலும் வரும். குடலில் வந்த காசநோயும் கிரோன் நோயும் பார்ப்பதற்கு ஒன்றாகவே இருக்கும். அதே வயிற்றுவலி, அதே எடை குறைவு, கேமரா விட்டுப் பார்த்தால் அதே புண்கள். ஒன்றில் பாக்டீரியாவைக் கொல்ல வேண்டும். மற்றதில் நம் எதிர்ப்பு செல்களை அடக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் ஆபத்து. காசநோய் உள்ளவருக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம். அதனால் முடக்குவாதத்துக்கோ கிரோன் நோய்க்கோ சில புது ஊசி மருந்துகளைத் தொடங்கும் முன், உடம்பில் காசநோய்க் கிருமி ஒளிந்திருக்கிறதா என்று மருத்துவர்கள் சோதித்துவிடுவார்கள்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். அரிசி ஸ்டார்ச் என்ற மாவுப்பொருளால் ஆனது. சூடான சோற்றில் அதன் சங்கிலிகள் குலைந்து தளர்ந்திருக்கும். நம் குடல் நொதிகள் சுலபமாக வெட்டிச் சர்க்கரையாக்கிவிடும். சோறு ஆறியதும் சங்கிலிகளில் ஒரு பகுதி மறுபடி நெருங்கி இறுகிக்கொள்கிறது. அந்தப் பகுதியை நம் நொதிகளால் வெட்ட முடியாது. அது செரிக்காமல் பெருங்குடல் வரை போய்ச் சேர்கிறது. அங்கே காத்திருக்கிற பாக்டீரியாக்களுக்கு அதுதான் விருந்து. வாழைத்தண்டு, கீரை, மொச்சை, கேழ்வரகு என்று தாம்பரம் சண்முகம் சாலை மார்க்கெட்டில் குவித்திருக்கிறார்களே, அவற்றின் நார்ச்சத்தும் இப்படித்தான் போய்ச் சேர்கிறது.

தின்றுவிட்டு அந்தப் பாக்டீரியாக்கள் பியூட்டிரேட் என்ற அமிலப் பொருளைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருள் இதுதான். அது மட்டுமா? நோபல் வாங்கித் தந்த அந்த ஒழுங்குபடுத்தும் 'டி' செல்கள் குடலில் பெருக பியூட்டிரேட் உதவுகிறது என்று 2013-ல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் எலிகளில் காட்டினார்கள். பியூட்டிரேட்டைத் தருவதில் கெட்டிக்காரப் பாக்டீரியா ஒன்று உண்டு, பெயர் ஃபீக்காலிபாக்டீரியம். கிரோன் நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்த பிறகு, இந்தப் பாக்டீரியா குறைவாக இருந்தவர்களுக்கே நோய் அதிகமாகத் திரும்பி வந்தது என்று 2008-ல் பிரான்சில் கண்டார்கள். நார்ச்சத்தே கொடுக்காமல் எலிகளை வளர்த்தபோது இன்னொரு வினோதம் நடந்தது. பசித்த பாக்டீரியாக்கள் குடல் சுவரின் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின.

செரிக்காத ஸ்டார்ச்சை மருந்தாகவே கொடுத்துப் பார்த்தவர்கள் நம் வேலூர்க்காரர்கள். சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவர் குழுவினரும் காலரா நோயாளிகளுக்கான உப்புச்-சர்க்கரைக் கரைசலில் செரிக்காத சோள ஸ்டார்ச்சைக் கலந்து கொடுத்தார்கள். குடல் பாக்டீரியாக்கள் அதைத் தின்று தரும் அமிலங்கள் உப்பையும் நீரையும் உடம்புக்குள் இழுக்க உதவும் என்பது கணக்கு. கணக்கு பலித்தது. பேதி சீக்கிரம் நின்றது. 2000-ல் அந்த ஆய்வு உலகப் புகழ் பெற்ற மருத்துவ இதழில் வந்தது.

பழைய சோற்றில் இரண்டும் சேர்ந்திருக்கிறது: ஆறி இறுகிய ஸ்டார்ச், இரவெல்லாம் வளர்ந்த உயிருள்ள பாக்டீரியா. இட்லி மாவிலும் பாக்டீரியா உண்டு. ஆனால் வேகவைக்கும்போது செத்துவிடும். நீராகாரத்தை யாரும் கொதிக்க வைப்பதில்லை. தாம்பரத்தில் ரயிலேறிக் கடற்கரை ஸ்டேஷன் வரை போனால் அங்கிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தான். அதன் குடல் அறுவை சிகிச்சைத் துறை மருத்துவர்கள் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எப்படி உதவும் என்பதை அரசு நிதியுதவியோடு ஆராய முன்வந்தார்கள். பாட்டி சொன்னாள் என்பதோடு நிற்காமல் அளந்து பார்க்கிறார்களே, அதுதான் எனக்குப் பெருமை.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் செய்ததைக் கேட்டால் முகம் சுளிப்பீர்கள், பிறகு வியப்பீர்கள். கிராமத்து ஆரோக்கியமான மனிதர்களின் மலத்தைப் பரிசோதித்து, பக்குவப்படுத்தி, பெருங்குடல் புண் அழற்சி உள்ளவர்களின் குடலுக்குள் வாரம் ஒரு முறை, ஏழு முறை செலுத்தினார்கள். கூடவே அழற்சியைக் குறைக்கும் உணவும் கொடுத்தார்கள். எட்டு வாரம் கழித்து 35 பேரில் 23 பேருக்கு நோய் தணிந்திருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்ற 31 பேரில் தணிந்தது 11 பேருக்கு. 2022-ல் வெளியான முடிவு இது. ஆஸ்பத்திரியில் மட்டுமே செய்யக்கூடிய வைத்தியம்.

உங்கள் வகுப்பில் யாராவது இன்சுலின் போட்டுக்கொள்ளலாம், காலையில் மூட்டு இறுகி மெதுவாக நடக்கலாம். அவர்கள் எதையோ தப்பாகச் சாப்பிட்டதால் நோய் வரவில்லை. மரபணு, நுண்ணுயிர், எப்போதோ வந்து போன காய்ச்சல் என்று பல சேர்ந்து வருவது அது. தொட்டால் ஒட்டாது. அவர்களிடம் போய் 'பழைய சோறு சாப்பிடு, ஊசி வேண்டாம்' என்று சொல்லவே கூடாது. இன்சுலினை ஒரு நாள் நிறுத்தினாலும் உயிருக்கே ஆபத்து.

சரி, பாக்டீரியா வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை. சிவப்புச் செம்பருத்தி இதழ்களை வெந்நீரில் ஊற வைத்து, அம்மா அப்பா யாராவது உதவ, வடிகட்டி வையுங்கள். எலுமிச்சைச் சாறு விட்டால் அந்த நீர் பளிச்சென்ற சிவப்பாகும். சமையல் சோடா போட்டால் பச்சையாகும். புளிப்பு இருக்கிறதா என்று காட்டும் நீர் அது. இரவு ஆறிய சோற்றை இரண்டு சுத்தமான கிண்ணங்களில் சமமாகப் போட்டு, காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை மூழ்கும்வரை ஊற்றுங்கள். ஒன்று சமையல் மேடை மேல், ஒன்று ஃபிரிட்ஜில். தண்ணீர் ஊற்றாமல் சோற்றை வெளியே வைக்காதீர்கள். வாந்தி வரவைக்கும் வேறொரு பாக்டீரியா அதில் வளர்ந்துவிடும். காலையில் மேடை மேல் வைத்த கிண்ணத்தைக் கண் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், பிறகு முகர்ந்து பாருங்கள். பருக்கைகளுக்கு நடுவே குட்டிக் குட்டிக் குமிழ்கள் இருக்கும், லேசான புளிப்பு வாடை வரும். இரண்டு கிண்ணத்திலிருந்தும் ஒவ்வொரு கரண்டி நீர் எடுத்து, ஒரே அளவு செம்பருத்தி நீர் சேர்த்து, வெள்ளைத் தாள் மேல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது அதிகம் சிவந்தது? சித்திரை வெயிலில் செய்தால் ஒரு மாதிரி வரும், மார்கழியில் செய்தால் வேறு மாதிரி வரும். தேதியோடும் அன்றைய வெப்பநிலையோடும் எழுதி வையுங்கள்.